ஊசி முனையில் காயும் பெயிண்ட்: ஏர்பிரஷ் கேள்வி பதில்

பொம்மைகளுக்கும் ஹெல்மெட்டுகளுக்கும் ஏர்பிரஷில், அதாவது காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவியில், வண்ணம் அடிப்பது என் தொழில். புதிதாக இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: உள்ளே காய்ந்துபோன பெயிண்ட். மேலே பெயிண்ட் கோப்பை வைத்த, விசையை அழுத்தினால் காற்றும் இழுத்தால் பெயிண்டும் வரும் ஏர்பிரஷையும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டையும் மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, ஒவ்வொரு நாளும் ஏர்பிரஷை முழுவதும் கழற்றித்தான் கழுவ வேண்டுமா?

வேண்டாம். தினமும் கழற்றுவதால்தான் பல நல்ல ஏர்பிரஷ்கள் கெட்டுப்போகின்றன. பெயிண்ட் வெளியே வரும் முன்பக்க நாசில் கடுகளவுதான் இருக்கும். அதன் மரை நூல்போல மெல்லியது. அதைக் கழற்றி மாட்டும் சாவியை ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பினால் கழுத்தோடு ஒடிந்துவிடும்.

வேலை முடிந்ததும் மீதிப் பெயிண்டைக் கொட்டிவிடுங்கள். கோப்பையில் தண்ணீர் விட்டு, பழைய தூரிகையால் அடிப்பகுதியைத் தேய்த்து, ஒரு துணியில் அடித்து வெளியேற்றுங்கள். நிறம் போகும்வரை இப்படியே செய்யுங்கள். பிறகு ஏர்பிரஷ் கிளீனர் சில துளிகள் விட்டு, முன் மூடியின் வாயை டிஷ்யூ சுற்றிய விரலால் அடைத்துக்கொண்டு, காற்றழுத்தத்தைக் குறைத்து விசையை மெதுவாக இழுங்கள். காற்று பின்னோக்கித் திரும்பிக் கோப்பையில் குமிழியிடும். 'தண்ணீர் தெளிந்துவிட்டது' என்று நீங்கள் நினைத்த பிறகும், அந்தக் குமிழிகளோடு மறைந்திருந்த நிறம் கிளம்பி வருவதைப் பார்ப்பீர்கள். அதையும் கொட்டி, நல்ல தண்ணீரை அடித்து முடியுங்கள்.

கடைசியாக, நாசில்வரை உள்ளே நீளும் ஊசியை மட்டும் உருவித் துடையுங்கள். திரும்பப் போடும்போது நாசிலைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அழுத்திச் செருகினால் நாசிலின் வாய் பிளந்துவிடும். நாசிலைக் கழற்றுவது கோளாறு தெரியும்போது மட்டும் போதும். கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கழற்றாதீர்கள். கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொலு பொம்மைகளுக்குப் புது வண்ணம் கொடுக்கிறேன், அண்ணா. பத்து நிமிடம் நன்றாக வருகிறது. பிறகு விசையை முழுவதும் இழுத்தாலும் பெயிண்ட் வராமல், திடீரென்று பொட்டுப் பொட்டாகத் துப்பி முகத்தைக் கெடுத்துவிடுகிறது.

விளக்கு வெளிச்சத்தில் ஊசியின் நுனியைப் பாருங்கள், தங்கையே. ரவை போல ஒரு மணி ஒட்டியிருக்கும். நுனியில் காற்று ஓயாமல் பாய்வதால் பெயிண்ட் அங்கேயே உலர்ந்து சேர்கிறது. இது எல்லாருக்கும் நடப்பது. உங்கள் கைத்தவறு அல்ல.

ஈரப்படுத்திய காட்டன் பட்ஸால் நுனியைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துத் துடையுங்கள். உள்நோக்கித் தள்ளினால் நுனி வளையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இதைச் செய்வது வேலையின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு துளி சேர்த்தால் இடைவெளி கூடும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். வெள்ளை நிறம்தான் அதிகம் படுத்தும். அதை மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரையுங்கள்.

இன்னொன்று: காற்றை முதலில் திறந்து, பிறகு பெயிண்டை இழுக்க வேண்டும். முடிக்கும்போது பெயிண்டை நிறுத்திய பின்பே காற்றை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் நுனியில் ஒரு துளி தங்கி, அடுத்த கோட்டின் தொடக்கத்தில் தெறிக்கும். பொம்மையின் கண்ணுக்கருகே போகும் முன் ஒரு காகிதத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் முன் மூடியின் வாயை அடைத்துக் கழுவவில்லை. அடிக்கும்போதே கோப்பையில் குமிழி வருகிறதே?

முன்னே போக வேண்டிய காற்று கோப்பைக்குத் திரும்புகிறது. முதலில் நாசிலும் முன் மூடியும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் நாசிலுக்குள் அடைப்பு இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் நாசிலின் வாயில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். விரிசல் விட்ட நாசிலை ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். மரையில்தான் கசிவு என்றால் துளி தேன்மெழுகு தடவினால் நிற்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறேன். பெயிண்ட் சிலந்திக் கால்கள் போல நாலா பக்கமும் ஓடுகிறது.

பெயிண்ட் நீர்த்துவிட்டது, அல்லது அழுத்தம் கூடிவிட்டது, அல்லது மிக அருகில் பிடிக்கிறீர்கள். பால் பதம் என்பது சரியான அளவு: கோப்பையின் சுவரில் ஒரு சொட்டு விட்டால் மெல்லிய திரையாக வழிய வேண்டும். 0.3 மி.மீ. நாசிலுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அழுத்தத்தில் தொடங்குங்கள். முதல் பூச்சைத் தூவலாக அடித்து, அது காய்ந்த பின் அடுத்தது.

கேள்வி: கோடு ஒரு பக்கமாகவே சாய்கிறது. ஊசி ஒருமுறை கீழே விழுந்தது.

விழுந்தபோதே வளைந்திருக்கும். நுனியை விரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்தால் கொக்கி கீறுவது தெரியும். ஊசியைக் கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்து, நுனியை ஐஸ்கிரீம் குச்சியால் லேசாக அழுத்தியபடி உருட்டுங்கள். பிறகு 2000 எண் உப்புத்தாளை நனைத்து, ஊசியைச் சுழற்றியபடியே நுனியை நோக்கித் தேயுங்கள். கொக்கி பெரிதென்றால் புது ஊசிதான் வழி. அதன் அளவு நாசிலின் அளவோடு பொருந்த வேண்டும்.

கேள்வி: அடைப்புப் போக இரவு முழுவதும் தின்னரில் போட்டு வைக்கலாமா?

முழு ஏர்பிரஷை எதிலுமே ஊறவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களைத் தின்னரும் அசிட்டோனும் ஊதவைத்துப் பாழாக்கிவிடும். நாசில், ஊசி, முன் மூடி ஆகிய உலோகப் பாகங்களை மட்டும் அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம். மேலே பளபளப்பது பூச்சுதான், உள்ளே பித்தளை. பூச்சு தேய்ந்த இடத்தில் அம்மோனியா அரித்துவிடும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். நடுவில் வெறும் தண்ணீர் தெறிக்கிறது.

கடலோரக் காற்றின் ஈரம், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸருக்குள் தண்ணீராகிறது. குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியைப் பொருத்துங்கள். தொட்டி உள்ள கம்ப்ரஸர் என்றால், வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

கேள்வி: இதே ஏர்பிரஷில் கேக்குக்கும் வண்ணம் அடிக்கலாமா?

கூடாது. எவ்வளவு கழுவினாலும் கூடாது. கேக்குக்கு வேறொன்று வாங்கி, அதில் உணவு வண்ணத்தைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: தண்ணீர் பெயிண்ட்தானே, முகக்கவசம் அவசியமா?

அவசியம். தண்ணீர் ஆவியாகிவிடும், நிறத்தூள் நுரையீரலுக்குப் போகும். அக்ரிலிக்குக்கு முகத்தோடு படியும் என்95 கவசம் போடுங்கள். தின்னர் கலந்த பெயிண்டுக்கு அது போதாது. ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். ஜன்னலையும் திறந்து வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், அவர்கள் அந்த அறைக்குள் இல்லாத நேரமாகப் பார்த்து அடியுங்கள்.