அவள் பீடி சுற்றுகிறாள், நான் படம் போடுகிறேன்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு வயது 49. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். 20 வருஷம் போர்டு எழுதினேன். கடைப் பெயர், கட்சிச் சுவர், கல்யாண வளைவு எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃபிளக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டது. அப்புறம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். ஏழு மாசத்துக்கு முன்னால் சாரம் சரிந்து விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். வேலை கொடுத்தவர் முதல் வாரச் செலவோடு ஒதுங்கிக்கொண்டார்.

இப்போது மனைவிதான் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறாள். காலையில் சுளகை மடியில் வைத்தால் ராத்திரி வரை குனிந்த தலை நிமிராது. நான் திண்ணையில் மகளின் பழைய வாட்டர்கலர் டப்பாவை வைத்துக்கொண்டு படம் போடுகிறேன். சின்ன வயதில் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்னைத் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் கூட்டிப்போய், குதிரைகளை ஏற்றிவரும் கப்பலைச் சுவரில் காட்டினார். அந்தப் படிகளில் இனி ஏற முடியுமோ என்னவோ. நினைவிலிருந்து அந்தக் கப்பலைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். அந்த இரண்டு மணி நேரம் கால் வலி தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகக்கூட இருக்கும். பிரஷ்ஷைக் கழுவும்போதே மனசு உறுத்த ஆரம்பித்துவிடும்.

"வீட்டுல பொம்பள பீடி சுத்துதா, நீ படம் போட்டுக்கிட்டு இருக்கியோலே?" என்று என் அண்ணன் கேட்டுவிட்டார். அவளோ ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். ஒரு மாசமாகத் தூக்கமும் இல்லை. நான் இல்லாமல் போனால் அவளுக்கு ஒரு வயிறு குறையுமே என்றும் சில ராத்திரி தோன்றும். படம் போடுவதை நிறுத்திவிடட்டுமா?

— ஒரு வாசகர்

அண்ணாச்சி,

எனக்குப் பாளையங்கோட்டைதான் ஊர். அந்த உரிமையில் இப்படிக் கூப்பிடுகிறேன்.

கப்பலைப் பற்றி அத்தனை எழுதிவிட்டு, "நான் இல்லாமல் போனால்" என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். முதலில் அதற்கு வருவோம். இன்றைக்கே மனைவியிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் 14416க்குப் போன் பண்ணுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கூடவே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போய் வாருங்கள். மாசக்கணக்கில் வலி, தொழிலும் போய்விட்டது, தூக்கமும் இல்லை என்றால் யாருக்கும் மனச்சோர்வு வரலாம். அதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. படம் துணைக்கு இருக்கட்டும், வைத்தியத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். நிறுத்தாதீர்கள். வலி காலிலிருந்து கிளம்பினாலும் அதை உணர்வது மூளை. கண்ணும் கையும் சேர்ந்து ஒரு குதிரையின் பிடரியைப் பிடிக்க முயலும்போது, வலியைக் கவனிக்க மூளைக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். நீங்கள் உணர்வது கற்பனை இல்லை. மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ 1925இல், 18 வயதில், பஸ் விபத்தில் முதுகெலும்பு உடைந்து படுத்தார். படுத்தபடியே வரைய அவருடைய அம்மா ஒரு சட்டம் செய்வித்துக் கொடுத்தார், கட்டிலின் மேலே கண்ணாடியும் மாட்டினார்கள். அதில் தெரிந்த தன் முகத்தையே அவர் வரைந்தார். அவருக்கு வலி கடைசி வரை போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016இல் 39 பேரை 45 நிமிஷம் ஏதாவது வரையவோ செய்யவோ சொல்லிப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு சேர்ந்த கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்தது. சின்ன ஆய்வுதான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மனைவி பேசாமல் இருப்பதைக் கோபம் என்று நீங்களாகவே முடிவு கட்டியிருக்கிறீர்கள். கேட்டீர்களா? ஆயிரம் பீடி சுற்றும் கைக்குப் பேசக்கூடத் தெம்பில்லாமல் இருக்கலாம். உட்கார்ந்தபடியே இலை வெட்டிக் கொடுக்கலாமே. 20 வருஷம் பிசிறில்லாமல் எழுத்து எழுதிய கை, நன்றாகவே வெட்டும். தினமும் முதலில் அவளுக்கு இலை, அப்புறம் உங்களுக்குக் கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுத்தல் பாதியாவது குறையும் என்பது என் கணிப்பு. அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் பீடியும் சுற்றவில்லை, படமும் போடவில்லை!

இதைக் காசாக்கலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் பெயரைத்தானே எழுதினீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கப்பலில் எத்தனை குதிரை என்றும் எழுதுங்கள். நானும் சின்ன வயதில் பார்த்ததுதான், எண்ணாமல் வந்துவிட்டேன்.