ஐந்து நிறக் கூடை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கைவேலை பற்றி நீங்கள் எழுதுவதை இரண்டு ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் ஒயர் கூடை பின்னுவேன். காணொளியில் காட்டும் அதே நிறத்தில், அதே கணக்கில் போட்டால் நன்றாக வருகிறது. சொந்தமாக நிறம் சேர்த்தால் கெட்டுப்போகிறது.

போன மாதம் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து நிறம் வாங்கினேன். நெடுக்கு ஒயரிலும் சுற்று ஒயரிலும் அதே வரிசையில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றரை ரோல் ஒயர் பிடிக்கும் கூடை ஒன்றை முடித்தேன். நாத்தனார் பார்த்துவிட்டு, “கண்ணைக் குத்துகிறதே” என்றார். அதற்கு முன்பு சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்துக் கட்டம் போட்டேன். மடியில் வைத்துப் பார்த்தால் கட்டம் தெரிகிறது. வாசலில் மாட்டிவிட்டுத் தெருக்கோடியில் நின்று பார்த்தால் கட்டத்தைக் காணவில்லை. கூடை முழுக்க மண் நிறமாக இருக்கிறது. எனக்கு நிறம் பார்க்கும் கண்ணே இல்லையோ என்று கவலையாக இருக்கிறது. ஓவியம் படித்தவர்களுக்குத்தான் இதெல்லாம் வருமா?

ச.

அன்புள்ள ச.,

கட்டம் கிட்டத்தில் தெரிகிறது, எட்டத்தில் மறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனிக்கிற கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கூடையை மாட்டிவிட்டுத் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகப் பின்னுகிறவர்களிலும் பலர் அதைச் செய்வதில்லை. உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணங்களைச் சொல்லிவிட முடியும்.

ஐந்து நிறக் கூடையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு முடிச்சு என்பது இரண்டு ஒயர்கள் சந்திக்கும் இடம். அடியிலிருந்து மேலே எழும் நெடுக்கு ஒயர் ஒன்று, சுற்றிவரும் ரன்னிங் ஒயர் ஒன்று. முடிச்சில் இரண்டின் நிறமும் தெரியும். நெடுக்கில் சிவப்பும் வெள்ளையும், சுற்றிலும் சிவப்பும் வெள்ளையும் போடுகிறீர்கள் என்று வையுங்கள். சிவப்பு சிவப்பைச் சந்திக்கும் இடம் முழுச் சிவப்பு. வெள்ளை வெள்ளையைச் சந்திக்கும் இடம் முழு வெள்ளை. மற்ற இடமெல்லாம் இரண்டும் கலந்து, தள்ளிநின்றால் ரோஜா நிறம். வாங்கியது இரண்டு நிறம், கூடையில் இருப்பதோ மூன்று வகை முடிச்சு. மூன்று நிறம் வாங்கினால் முடிச்சு ஆறு வகையாகும். நான்கு என்றால் பத்து. உங்கள் ஐந்து நிறத்துக்குப் பதினைந்து! நீங்கள் ஐந்து நிறக் கூடை பின்னவில்லை, பதினைந்து நிறக் கூடை பின்னியிருக்கிறீர்கள். ஒன்றரை ரோல் கூடையின் ஒரு பக்கத்தில் பதினைந்தும் நின்றுகொண்டு என்னைப் பார், என்னைப் பார் என்று கூப்பிட்டால் கண் எங்கே போய் உட்காரும்? உங்கள் நாத்தனார் சொன்னது இந்த நெரிசலைத்தான். உங்கள் ரசனையை அவர் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்து நிறமும் ஆசையாக வாங்கியவை, விடவும் மனம் வராது. விட வேண்டாம். நெடுக்கு முழுவதும் ஒரே நிறமாக, நல்ல கருநீலமாக வைத்துக்கொண்டு, சுற்றில் மட்டும் ஐந்தையும் ஓட்டுங்கள். பதினைந்து ஐந்தாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு முடிச்சிலும் கருநீலம் ஒரு பங்கு இருப்பதால் ஐந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போலத் தெரியும். பட்டுச்சேலையில் மயில்கழுத்து நிறம் வருவதும் இந்த வழியில்தான். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம்; மூன்றாவது நிறத்தை நம் கண் செய்துகொள்கிறது.

இனி அந்த மண் நிறம். சிறுசிறு புள்ளிகளாக இரண்டு நிறங்கள் அருகருகே இருந்தால், தூரம் கூடக்கூடக் கண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாமல் போகிறது. சிவப்பும் மஞ்சளும் இப்படிக் கலந்தால் ஆரஞ்சின் சாயல், நமக்குப் பிடிக்கிறது. சிவப்பும் பச்சையும் கலந்தால் ஒன்றின் பளிச்சை மற்றது தின்றுவிடுகிறது, மிஞ்சுவது பழுப்பு. தெருக்கோடி வரை நடக்காமலே இதைத் தெரிந்துகொள்ளலாம். இமையைப் பாதி மூடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூடையைப் பாருங்கள்.

ஆனால் கட்டம் மறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் முக்கியம். கைபேசியில் அந்தக் கூடையைப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக மாறியிருக்கும். இரண்டும் வேறு நிறம், ஆனால் வெளிச்சத்தில் ஒரே அளவு. கட்டமோ கோடோ வைரமோ, ஒரு வடிவம் எட்டத்திலிருந்து தெரிய வேண்டுமானால் வெளிறியதும் அடர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். நிற வேறுபாடு மட்டும் போதாது. இளம்பச்சையோடு அரக்குச் சிவப்பை வைத்திருந்தால் உங்கள் கட்டம் தெருக்கோடிக்கும் தெரிந்திருக்கும். ஒயர் வாங்கும்போது கடையிலேயே இரண்டு ரோலைப் பக்கத்தில் வைத்து, கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நான் இப்போதெல்லாம் இது இல்லாமல் வாங்குவதே இல்லை.

ஒரு நிறம் நல்லது, ஒரு நிறம் கெட்டது என்று சொல்ல முடியாது என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு வரலாறு உண்டு. பாரிசில் கொப்லேன் என்ற இடத்தில் அரச குடும்பத்துக்குத் திரைச்சீலை நெய்யும் பழைய நெசவுக்கூடம் இருந்தது. 1824இல் அங்கே சாயப் பிரிவுக்கு மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். நெசவாளர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது: நம் கறுப்புச் சாயத்தில் அடர்த்தி இல்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாகப் போட்டால் வெளிறித் தெரிகிறது. ஷெவ்ரல் சாயத்தைச் சோதித்தார். கறுப்பு நூலை வேறு இடங்களின் கறுப்போடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. குறை பக்கத்து நூலில் இருந்தது. நீலத்தின் அருகே வைத்த எதையும் நம் கண் நீலத்துக்கு எதிர்த்திசையில், ஆரஞ்சுப் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அதனால் கறுப்பு பழையதுபோல் ஆகிவிடுகிறது. அதே கறுப்பு வேறு நிறத்துக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று இருக்கும். அண்டை நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுவதைப் பற்றி 1839இல் அவர் பெரிய நூலே எழுதினார். ஒரு நெசவாளியின் புகாரைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருந்தால் அது பிறந்திருக்காது. அதனால்தான் உங்கள் கடிதத்தை நான் இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கிய ஆரஞ்சு அசிங்கமான நிறம் இல்லை, ச. அதன் அண்டையில் யாரை உட்கார வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

என் அம்மா பின்னிய ஒரு கூடை இன்னும் என் சமையலறையில் வெங்காயத்தோடு இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பின்னியது. வெள்ளை நெடுக்கு, பச்சைச் சுற்று. மேலே இன்னும் நான்கு சுற்று பாக்கி, பச்சை தீர்ந்துவிட்டது. கடையில் அதே பச்சை என்று கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு பொட்டு மஞ்சள் கூடுதல். மேலே நான்கு சுற்று மட்டும் அந்தப் பச்சையைப் போட்டிருந்தால் நரைத்த மயிர்போல் தனியாகத் தெரிந்திருக்கும். அம்மா கொஞ்ச நேரம் கூடையை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊக்கு ஒன்றை எடுத்து முடிச்சு முடிச்சாகத் தளர்த்தி, ஏழு சுற்றை அவிழ்த்தார். அவிழ்ந்த ஒயரில் முடிச்சின் மடிப்புகள் பல் பல்லாக இருந்தன. விரலால் நீவி நீவி நேராக்கினார். பழைய பச்சையில் ஒரு சுற்று, புதிய பச்சையில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றிப் போட்டு விளிம்பு வரை கொண்டுபோனார். பார்க்கிறவர்கள் இன்றைக்கும் “மேலே என்ன அழகாக நிழல் கொடுத்திருக்கிறார்கள்” என்று கேட்பார்கள். அம்மா நிறத்தை மாற்றவில்லை. அந்த இரண்டாவது பச்சை வந்த இடத்தை மட்டும் கணக்காக மாற்றினார். வடிவம் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது அந்த மாலையில்தான்.

ஓவியம் படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாபுரா, ஹளியாளா பகுதிகளில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் காகிதத்தில் எதுவும் வரைவதில்லை. பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, மூலையில் தொடங்கி, ஓரத்தோடு துண்டு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிவந்து, உள்ளே உள்ளே போய் நடுவில் முடிக்கிறார்கள். அடுத்து எந்தத் துண்டு என்பதை, இப்போது தைத்து முடித்த துண்டுதான் முடிவுசெய்கிறது. கடைசியில் நான்கு மூலைக்கும் முக்கோணமாக மடித்த துணியைத் தைத்துப் பூ வைக்கிறார்கள். அது இல்லாத கவந்தி உடுத்தாததுபோல் என்று சொல்வார்கள். அந்தப் போர்வைகள் அருங்காட்சியகங்களில் காட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்துத் துண்டைப் பார்த்து அடுத்த துண்டை எடுப்பது என்ற ஒரு பழக்கம்தான் அவர்கள் படித்த ஓவியம். கூடைக்கும் அதே பழக்கம் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காணொளியைப் பார்த்துப் போட்டதில் தவறு ஒன்றும் இல்லை. கைக்கு அது பயிற்சி. கண்ணுக்கான பயிற்சி வேறு, அதற்கு முழுக் கூடை தேவையில்லை. வெட்டி மிஞ்சிய ஒயர்த் துண்டுகள் உங்களிடம் ஒரு பை நிறைய இருக்கும். ஆறு ஒயர் நெடுக்கு, ஆறு ஒயர் குறுக்கு, முப்பத்தாறு முடிச்சில் ஒரு சதுரம். டம்ளர் வைக்க உதவும். இப்படி மூன்று பின்னுங்கள். மூன்றிலும் நெடுக்கு ஒரே நீலம். குறுக்கு மட்டும் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு, ஒன்றில் ஆரஞ்சு. மூன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே ரோலில் வெட்டிய நீலம் மூன்று நீலமாகத் தெரியும். பிள்ளைகளைக் கூப்பிட்டு, இது ஒரே ஒயர்தானா என்று கேளுங்கள். ஒயர் இல்லாவிட்டால் வண்ணக் காகிதத்தை விரல் அகலப் பட்டைகளாக வெட்டிப் பாய்போலப் பின்னியும் இதைச் செய்யலாம். பிள்ளைகளுக்கு அதுதான் எளிது.

கட்டம் போடுகிறபோது இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை என்று நெடுக்கு மாறினால், கணக்கு நான்கு நான்காகத் திரும்புகிறது. அடியில் அகலம் 7, நீளம் 16 முடிச்சு என்று போட்டால் சுற்றிலும் எழும் நெடுக்கு 46. நான்கால் வகுத்தால் இரண்டு மிஞ்சும், ஒரு மூலையில் கட்டம் முட்டிக்கொள்ளும். அகலத்தை 8 ஆக்கினால் 48, சரியாக மூடும். அடியில் நீளவாக்கில் போன ஒயர்கள் கூடையின் குறுகிய பக்கங்களில்தான் மேலே ஏறும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பெரிய பக்கங்களை ஒரே நிறமாக அமைதியாக வைத்து, அந்த இரண்டு சின்னப் பக்கங்களில் மட்டும் விளையாடலாம். எனக்கு அந்த மாதிரிக் கூடைகள்மேல் தனிப் பிரியம். தோளில் மாட்டி நடக்கும்போது முன்னும் பின்னும் மட்டும் நிறம் வந்துபோகும்.

ஐந்து நிறக் கூடையை முழுவதும் அவிழ்த்துவிடாதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு சுற்றை மட்டும் அவிழ்த்து, கறுப்பு ஓட்டுங்கள், கைப்பிடியையும் கறுப்பிலேயே போடுங்கள். கண்ணுக்கு ஒரு கரை கிடைத்ததும் நடுவில் உள்ள பதினைந்தும் கொஞ்சம் அடங்கும். மூன்று சதுரங்களும் முடிந்ததும் படம் அனுப்புங்கள். காலையில் ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் அந்த நீலம் எனக்குச் சரியாகத் தெரியாது. உங்கள் நாத்தனாரிடமும் காட்டுங்கள்.

அன்புடன்,
க.