ஊட்டிக் குளிரில் பிபி ஏன் ஏறுகிறது?

ஓடும் ரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் விசைதான் ரத்த அழுத்தம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம், பேச்சுவழக்கில் 'பிபி இருக்கு' என்கிறோம்.

டிசம்பர், ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, உடம்புச் சூட்டைக் காக்கத் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கும். தோட்டத்து ஓஸ் பைப்பை அமுக்கினால் உள்ளே தண்ணீர் முட்டுமே, அதே கதைதான். உப்பு உடம்பில் நீரைத் தேக்கி இன்னும் ஏற்றிவிடும். நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும். குளிருக்கு இதமென்று கருவாடும் ஊறுகாயுமாக வெளுத்துக்கட்டினால் கணக்கு மதியமே தாண்டிவிடும்.

அப்புறம், மேடேறி வந்த மூச்சோடு அளக்காதீர்கள் (நம்மூரில் கிளினிக் போவதே மலையேற்றம்தான்). 5 நிமிடம் உட்காருங்கள்.

"தலைவலியே இல்லை, எனக்கேது பிபி?" என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி எதுவுமே இருக்காது, அளந்தால்தான் தெரியும்.