சக்கரத்தின் மேல் வீடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நானும் கணவரும் அமெரிக்காவில் 24 அடி டைனி ஹவுஸ் (சின்னஞ்சிறு வீடு) ஒன்றில் ஆறாவது வருடமாகக் குடியிருக்கிறோம். மூன்று அச்சு ட்ரெய்லர் மேல் கட்டிய மரவீடு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மாதம் ஒரு ஊர் என்று சுற்ற ஆசை. டைனி ஹவுஸ் வாங்கலாமா, ஆர்.வி. (ஊர் சுற்றவென்றே தயாரிக்கும் வீட்டு வண்டி) வாங்கலாமா?

மாதம் ஒரு ஊர் என்றால் யோசிக்காமல் ஆர்.வி. வாங்குங்கள். டைனி ஹவுஸுக்குச் சக்கரம் இருக்கிறதே தவிர, அது வண்டி இல்லை. மரச்சட்டம், ப்ளைவுட், வீட்டு ஜன்னல் எல்லாம் சேர்ந்து எங்கள் வீடு எடைமேடையில் 13,200 பவுண்டு, அதாவது 6 டன் காட்டியது. அதே நீளத்து ஆர்.வி. ட்ரெய்லர் பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும். இதை இழுக்க 'ஒரு டன்' என்று பெயர் சொல்லும் கனரகப் பிக்கப் டிரக் வேண்டும், அது குடிக்கும் டீசலும் கொஞ்சமில்லை. நாங்கள் வருடத்துக்கு இரண்டே தடவை நகர்கிறோம்: ஏப்ரலில் வடக்கே, அக்டோபரில் தெற்கே. அதற்கே ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் மூட்டை கட்டும் வேலை.

ரோட்டில் கொண்டுபோகப் பெர்மிட் வேண்டுமா?

அகலம் எட்டரை அடி, உயரம் பதின்மூன்றரை அடிக்குள் இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் தனிப் பெர்மிட் வேண்டாம். ஆனால் பெர்மிட் வேண்டாம் என்பதால் எல்லா ரோட்டிலும் போகலாம் என்று ஆகாது. வட கரோலினாவில் டர்ஹம் ஊர் ரயில் பாலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் அடியில் உயரம் 11 அடி 8 அங்குலம்தான் இருந்தது, லாரிக் கூரைகளை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தது. 2019இல் தூக்கி வைத்த பிறகும் 12 அடி 4 அங்குலம்தான். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் ட்ரெய்லருக்கே அனுமதி இல்லை. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதைகளில் கேஸ் சிலிண்டரோடு போக முடியாது. முன்பு மாற்றுவழியாக இருந்த கீ பாலமும் 2024 மார்ச்சில் இடிந்துவிட்டது, இப்போது மேற்கே சுற்றித்தான் போக வேண்டும். சாதாரண மேப்பை நம்பாதீர்கள். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். வாங்கி, வீட்டின் உயரத்தை அதில் பதிந்துவிடுங்கள்.

பின்னால் வீடு ஆடாதா?

ஆடும், எடையைத் தப்பாக வைத்தால். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் கொக்கி மேல் உட்கார வேண்டும். முதல் வருடம் எனக்கு அது புரியவில்லை. சமையலறை பின்கோடியில் இருந்ததால் அரிசி மூட்டை, கிரைண்டர், புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே அடுக்கினேன். நெடுஞ்சாலையில் 60 மைல் வேகம் தொட்டதும் வீடு வாலை ஆட்ட ஆரம்பித்தது. கணவர் டிரக் பிரேக்கைத் தொடாமல், கையிலிருந்த கன்ட்ரோலரால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்து நிறுத்தினார். உள்ளே போய்ப் பார்த்தால் கிரைண்டர் குழவி கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தது. இப்போது குழவி டிரக்கின் முன்சீட்டில், என் காலடியில்தான் பயணம் செய்கிறது.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. டாய்லெட்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், கூச்சம் வேண்டாம். எங்களுடையது உரமாக்கும் டாய்லெட். சிறுநீர் முன்னால் உள்ள குடுவைக்கு, மற்றது பின்னால் உள்ள வாளிக்குப் போகும். வாளியில் தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறும் அதே சரக்குத்தான். செங்கல் மாதிரிக் கட்டியாக வரும், கொஞ்சம் தண்ணீர் விட்டு உதிர்க்க வேண்டும். புட்டுமாவு பதம் வந்தால் சரி. ஒரு சின்ன மின்விசிறி காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். வாளி ஈரமாகாத வரை நாற்றம் வராது. குடுவையை இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்கிறோம்.

சிக்கல் எங்கே என்றால், நாம் கழுவுகிறவர்கள். அந்தத் தண்ணீர் வாளிக்குள் போனால் எல்லாம் சேறாகிவிடும். அதனால் கழுவுவதைப் பக்கத்துக் குளியல் தட்டில், கைஷவரில் வைத்துக்கொண்டோம். அந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகும். அதை டம்ப் ஸ்டேஷனில் (கழிவுநீர் கொட்டவென்றே உள்ள இடம்) மட்டும்தான் திறந்துவிடுவோம். மண்ணில் விடவே கூடாது.

தாளித்தால் வீடே மணக்குமே?

மணம் போய்விடும், ஈரம்தான் போகாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு குக்கர் விசில், இரண்டு பேர் மூச்சு. முதல் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. நாங்கள் படுக்கும் பரணில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியெல்லாம் கறுப்புப் பூஞ்சை. மெத்தையை வீசிவிட்டு, கீழே மரச்சட்டங்கள் அடித்துக் காற்று போக வழி செய்தோம். கேஸை விட்டு இன்டக்‌ஷனுக்கு மாறினோம், ஈரம் உறிஞ்சும் மிஷினும் வாங்கினோம். புளிக்குழம்பு மட்டும் இன்றும் வெளியேதான் கொதிக்கிறது.

30 ஆம்ப் மின்சாரம் போதுமா?

120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். இன்டக்‌ஷன் 1,800, ஹீட்டர் 1,500. அந்த நேரத்தில் யாராவது ஹேர் டிரையர் போட்டால் பிரேக்கர் விழும். கிரைண்டர் கொஞ்சம்தான் இழுக்கும், பயப்படாமல் அரைக்கலாம்.

எங்கே நிறுத்துவது? சட்டப்படி சரியா?

நிலம் வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் சக்கரம் இருந்தால் அது வாகனம். சொந்த நிலத்திலும் அதில் நிரந்தரமாகக் குடியிருக்க விடமாட்டார்கள். டெக்சஸில் ஸ்பர் என்ற சின்ன ஊர் 2014இலேயே டைனி ஹவுஸ்காரர்களை வரவேற்றது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் 2021இல் வீட்டு மனைகளில் சக்கர வீட்டுக்கு வழிவிட்டது. ஆர்.வி. பார்க் பலவற்றில் ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. தயாரிப்பாளர் சங்கம்) முத்திரை கேட்பார்கள், தானே கட்டிய வீடு என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டும் முன்பே, நீங்கள் தங்க நினைக்கும் ஊரின் மண்டல விதிகளை (எந்த இடத்தில் எது இருக்கலாம் என்ற விதிகள்) விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பி.எல்.எம். நிலத்தில் பல இடங்களில் 28 நாளுக்குள் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். குளிர்காலம் முழுக்க வேண்டுமென்றால் அரிசோனாவில் க்வார்ட்சைட் பக்கம் கட்டண முகாம் நிலங்கள் உண்டு: செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால்?

பரணில் உட்கார்ந்தால் தலை இடிக்கும், ஏணி செங்குத்து. என் அம்மா ஏணியைப் பார்த்தவுடன் "நான் என்ன மாங்கா பறிக்கவா வந்தேன்?" என்றார். கீழே சோபாவை விரித்து அம்மாவுக்குக் கொடுத்தோம், அப்பாவுக்குப் பக்கத்து மோட்டலில் அறை. மூன்றாம் நாள் அம்மாவும் அங்கே போய்விட்டார். காலையில் இட்லிக்கு மட்டும் இருவரும் வருவார்கள்.