பிரெசிஷனா, ஜாஸா: எந்த பேஸ் கிற்றார் வாங்கலாம்?

கிளிநொச்சிப் பக்கம் கோயில் திருவிழா மேடைகளில் வாசிக்கும் குழுவுக்கு பிரெசிஷன் வகை பேஸ் வாங்குவதா, ஜாஸ் வகை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த பேஸ் கிற்றார் வகைகள். என் தெரிவு பிரெசிஷன்.

முக்கிய காரணம் இரைச்சல். வன்னியில் திறந்தவெளி மேடை என்றால் ஜெனரேற்றரும் அருகிலேயே வண்ண விளக்கு வயர்களும் இருக்கும். ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகங்கள்). இரண்டின் சத்தமும் சமமாக இருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கிவிடும். ஒன்றைக் குறைத்தவுடன் 'ம்ம்' என்று தொடங்கிவிடும். ஜாஸின் அழகே அப்படிக் கூட்டிக் குறைப்பதில்தான் இருக்கிறது என்பது வேறு விடயம். பிரெசிஷனில் 1957 முதல் பிக்கப்பை இரண்டாகப் பிரித்து எதிரெதிராகச் சுற்றுகிறார்கள். அதனால் இரைச்சல் எப்போதும் அடங்கியே இருக்கும். ட்ரம்ஸ், கீபோர்ட் நடுவிலும் அதன் அடித்தொனி அமுங்காது.

கை சிறியது என்றால் மட்டும் யோசியுங்கள். ஜாஸின் கழுத்து மேல்முனையில் சுமார் 38 மில்லிமீற்றர் அகலம்தான், விரல் சுலபமாக ஓடும். கம்பி நீளம் இரண்டிலும் 34 அங்குலம்.

பழையது வாங்குவதென்றால் கழுத்து வளைந்திருக்கிறதா, அதன் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற உலோகக் கம்பி திரும்புகிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.