எல்-ஒய் சேர்த்தால் வினையடை ஆகிவிடுமா? கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்காகவோ கல்லூரிக்காகவோ ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்த முறை பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள்: சொல்லின் கடைசியில் வரும் எல்-ஒய். மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், இன்றைக்கு இது மட்டும்.

கீழே பெயரடை என்று வந்தால் அது அட்ஜெக்டிவ். ஆளையோ பொருளையோ பற்றிச் சொல்வது. வினையடை என்றால் அட்வெர்ப். வேலை எப்படி நடந்தது, எப்போது நடந்தது என்று சொல்வது.

டீச்சர், மாதிரித் தேர்வில் ‘ஃபிரெண்ட்லி, மதர்லி, பிரேவ்லி, லோன்லி: இவற்றில் வினையடை எது?’ என்று கேட்டிருந்தார்கள். நான்கிலும் எல்-ஒய் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? (எருத்தேம்பதி, பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்)

விடை பிரேவ்லி. கடைசி இரண்டு எழுத்தையும் விரலால் மறைத்துவிட்டு மிச்சம் இருக்கும் சொல்லைப் பாருங்கள். அது பெயர்ச்சொல் என்றால், எல்-ஒய் சேர்ந்ததும் பெரும்பாலும் பெயரடை ஆகும். ஃபிரெண்ட், மதர் இரண்டும் பெயர்ச்சொல். அதனால் ஃபிரெண்ட்லி, மதர்லி பெயரடைகள். மிச்சம் இருப்பது ஏற்கெனவே பெயரடை என்றால், எல்-ஒய் சேர்ந்து வினையடை ஆகும். பிரேவ் பெயரடை, பிரேவ்லி வினையடை.

லோன்லிதான் படுத்தும். ‘லோன்’ (கடன் இல்லை, ‘தனித்த’ என்று பொருள்) என்பதே பெயரடை, எல்-ஒய் சேர்ந்த பிறகும் அது பெயரடையாகவே நிற்கிறது. டெட்-டெட்லி, சிக்-சிக்லி, எல்டர்-எல்டர்லி எல்லாம் இந்த ரகம். இவை குறைவுதான், ஆனால் தேர்வில் இவற்றைத்தான் தேடிப் பிடித்துப் போடுவார்கள். அதற்கு இரண்டாவது சோதனை: சொல்லுக்குப் பின்னால் ‘மேன்’ சேர்த்துப் பாருங்கள். ‘எ லோன்லி மேன்’ நிற்கிறது. ‘எ பிரேவ்லி மேன்’ நிற்கவில்லை. நிற்பது பெயரடை.

ஒரே விகுதி ஏன் இரண்டு வேலை செய்ய வேண்டும்? வேறு வேறாக வைத்திருக்கலாமே? (வடகரப்பதி, பி.ஏ. மாணவி)

வேறு வேறாகத்தான் இருந்தன, கண்ணு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசிய பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு ‘லிச்’ என்று ஒரு விகுதி. அதோடு ஓர் எகரம் சேர்த்து ‘லிச்செ’ என்றால் வினையடை. காலப்போக்கில் சொல்லின் கடைசியில் இருந்த எகரம் உச்சரிப்பில் தேய்ந்து மறைந்தது. ‘ச்’ ஒலியும் போயிற்று. இரண்டும் ‘லி’ என்று ஒன்றாகிவிட்டன. அப்படித்தான் இன்றைக்கு ஒரே எழுத்து இரண்டு வேலை பார்க்கிறது.

அந்த ‘லிச்’ எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல், உருவம். ஃபிரெண்ட்லி என்றால் நண்பனின் உருவம் கொண்ட, நண்பனைப் போன்ற என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதே வேரிலிருந்து வந்த ‘லைஹெ’ இன்றும் பிணத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் தேவாலயக் கல்லறை வாசலில் சவப்பெட்டியை இறக்கி வைக்கும் கூரை போட்ட வாயிலுக்கு ‘லிச்கேட்’ என்று பெயர். ‘போல’ என்ற பொருளில் வரும் ‘லைக்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். விச், சச், ஈச் என்று நாம் தினமும் எழுதும் சொற்களின் கடைசியில் கேட்கும் ‘ச்’ கூட அந்தப் பழைய ‘லீச்’சின் மிச்சம்.

தமிழில் இந்த இரண்டும் கலக்கவே இல்லை. அன்பான அம்மா, அன்பாகப் பேசினாள். ‘ஆன’ ஒரு வேலை, ‘ஆக’ ஒரு வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான்.

‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்பதை ‘ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். ‘அழகாக’ வினையடைதானே? (வேலந்தாவளம், பிளஸ் டூ மாணவி)

தமிழில் வினையடை என்பது சரி. உங்கள் தவறுக்குக் காரணமே அந்தச் சரிதான்.

தமிழில் ‘அழகாகப் பாடினாள்’ என்றாலும் ‘ஆக’, ‘அழகாக இருக்கிறாள்’ என்றாலும் ‘ஆக’. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரிக்கிறது. பாடியது ஒரு செயல். அது எப்படி நடந்தது என்று சொல்ல ‘பியூட்டிஃபுல்லி’ வேண்டும். இருப்பது செயல் அல்ல. அங்கே பேச்சு அவளைப் பற்றியது. அதனால் பெயரடை: ‘ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்’, ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்’.

உங்கள் வகுப்பில் மலையாளம் பேசும் தோழிகளும் இதே தவறைச் செய்வார்கள், கவனித்துப் பாருங்கள். ‘நன்னாயி படிச்சு’ என்றாலும் ‘நன்னாயிட்டுண்டு’ என்றாலும் அவர்களுக்கும் ‘நன்னாயி’தான். இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘அந்தங்கா பாடிந்தி’, ‘அந்தங்கா உந்தி’, இரண்டுக்கும் ஒரே ‘கா’. மூன்று மொழியும் ஒரே பழக்கத்தைத்தான் நமக்குக் கொடுத்திருக்கின்றன. அதனால் இது உங்கள் மக்குத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாய்மொழி இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்த தவறு இது.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், சீம், பிகம் ஆகியவை வந்தால், அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி டீ ஸ்மெல்ஸ் குட்.’ ‘தி டீ இஸ் குட்.’ பொருள் பெரிதாக மாறவில்லை. அப்படியென்றால் பெயரடைதான். ‘ஷீ லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்’ என்பதில் ‘இஸ்’ போட்டால் வாக்கியம் உடைந்துவிடுகிறது. அங்கே அவள் கோபமாக ஒரு பார்வை பார்த்தாள், அது செயல். அதனால் ஆங்ரிலி சரி.

‘சாப்பாடு நன்றாக இருந்தது’ என்பதை ‘தி ஃபுட் வாஸ் வெல்’ என்று எழுதுவதும் இதே கதை. ‘குட்’ என்பதன் வினையடை ‘வெல்’. சாப்பாட்டுக்குக் குட், சமைத்ததற்கு வெல்: ‘ஷீ குக்ட் வெல்’.

‘ஐ ஒர்க்ட் ஹார்ட்லி’ என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். எதிரில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். (மீனாட்சிபுரம், வேலை தேடுபவர்)

அவர்கள் சிரித்திருக்க வேண்டாம், தம்பி. நீங்கள் விதியைத்தான் பின்பற்றினீர்கள். ஆனால் ‘ஹார்ட்லி’ என்றால் ‘கொஞ்சமும் இல்லை என்றே சொல்லலாம்’ என்று பொருள். நீங்கள் சொன்னது அவர்கள் காதில் ‘உழைக்கவே இல்லை’ என்பது மாதிரி விழுந்திருக்கும். கடினமாக உழைத்தேன் என்பதற்கு ‘ஐ ஒர்க்ட் ஹார்ட்’ போதும்.

இப்படிச் சில சொற்களுக்கு எல்-ஒய் இல்லாமலும் வினையடை உண்டு, எல்-ஒய்யோடும் உண்டு. பொருள் மட்டும் வேறு. ‘ஐ கேம் லேட்’ என்றால் தாமதமாக வந்தேன். ‘லேட்லி’ என்றால் சமீபகாலமாக. ‘நியர்’ அருகில், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘ஷார்ட்லி’ என்றால் குட்டையாக இல்லை, சீக்கிரத்தில். ‘ஹை’ உயரத்தில், ‘ஹைலி’ மிகவும்: பறவை பறப்பது ஹை, ஒருவரைப் புகழ்வது ஹைலி. ‘ஃபாஸ்ட்’ மட்டும் தனி. ‘ஃபாஸ்ட்லி’ என்று இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது.

ரோட்டோரப் பலகையில் ‘கோ ஸ்லோ’ என்று இருக்கிறது. ‘கோ ஸ்லோலி’ என்றல்லவா இருக்க வேண்டும்? (வாளையார், லாரி ஓட்டுநர்)

இரண்டும் சரி, அண்ணா. பலகை தப்பில்லை.

பழைய ஆங்கிலத்தில் எல்-ஒய் விகுதி இல்லாமல், வெறும் எகரம் சேர்த்தும் வினையடை செய்தார்கள். மேலே சொன்னேனே, அந்த எகரம் தேய்ந்தது என்று. அது போனதும் இந்த வினையடைகள் பார்ப்பதற்குப் பெயரடை போலவே ஆகிவிட்டன. ஃபாஸ்ட், ஹார்ட், டீப், லவுட் எல்லாம் அப்படி வந்தவை. ஸ்லோவும் நெடுங்காலமாக அந்த வரிசையில் புழங்குகிறது. ஆப்பிள் நிறுவனம் 1997-இல் ‘திங்க் டிஃபரெண்ட்’ என்று விளம்பரம் செய்தபோது ‘டிஃபரெண்ட்லி’ என்று இருக்க வேண்டாமா என்று பலர் கேட்டார்கள். பலகையிலும் பேச்சிலும் ஸ்லோ நன்றாகவே நிற்கும். பரீட்சைத் தாளில் மட்டும் ஸ்லோலி எழுதிவிடுங்கள், திருத்துகிறவரோடு வழக்காட முடியாது.

இளநீர் கடை போட்டிருக்கிறேன். பலகையில் ‘ஃப்ரெஷ்லி டெண்டர் கோகனட்’ என்று எழுதலாமா? (கோபாலபுரம்)

வேண்டாங்க. இளநீர் பெயர்ச்சொல், அதற்குப் பெயரடை வேண்டும்: ‘ஃப்ரெஷ் டெண்டர் கோகனட்’. ‘இப்போது வெட்டியது’ என்று காட்ட விரும்பினால் ‘ஃப்ரெஷ்லி கட்’ என்று போடுங்கள். வெட்டுவது செயல், அதனால் அங்கே ஃப்ரெஷ்லி பொருந்தும். நடுவில் இணைப்புக்கோடு வேண்டாம். எல்-ஒய்யில் முடியும் வினையடைக்குப் பின்னால் அந்தக் கோடு போடுவதில்லை.

வில்லேஜ் ஆபீசுக்குக் கடிதம் எழுதி ‘யுவர்ஸ் ரெஸ்பெக்டிவ்லி’ என்று முடித்தேன். சரியா? (கோவிந்தாபுரம்)

சரியில்லை. ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’ என்றால் மரியாதையுடன். ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்றால் முறையே. ‘ராமனும் சீதையும் முறையே அயோத்தியிலும் மிதிலையிலும் பிறந்தார்கள்’ என்கிறோமே, அந்த ‘முறையே’. இரண்டு சொல்லும் ‘ரெஸ்பெக்ட்’ என்ற ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவைதான், நடுவில் வரும் விகுதி வேறு. அலுவலகக் கடிதத்துக்கு ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ எழுதுங்கள். பெயர் தெரிந்த ஒருவருக்கு எழுதினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. ஆங்கிலம் வரவில்லையே என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபிரெண்ட்லி பெயரடை என்றால், ‘நட்பாகப் பேசினார்’ என்பதற்கு ‘ஃபிரெண்ட்லிலி’யா? (சித்தூர், கல்லூரி மாணவர்)

அகராதியில் அந்தச் சொல் உண்டு. யாரும் சொல்வதில்லை, இரண்டு லி அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒத்துழைக்காது. ‘இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று எழுதுங்கள். சில்லி, லவ்லி, மதர்லி எல்லாவற்றுக்கும் இதே வழி.

டெய்லி, வீக்லி இவை எதில் சேரும்?

இரண்டிலும். ‘எ டெய்லி பஸ்’ பெயரடை, ‘தி பஸ் ரன்ஸ் டெய்லி’ வினையடை. ஹவர்லி, மன்த்லி, இயர்லி எல்லாம் அப்படியே. ‘எர்லி’யும் இரண்டு வேலையும் செய்யும். ‘பைவீக்லி’ என்ற சொல்லை மட்டும் தவிருங்கள். வாரம் இரண்டு முறை என்றும் பொருள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றும் பொருள். கூட்டத்துக்கு அழைப்பு எழுதும்போது இந்தச் சொல்லைப் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

எழுத்துக்கூட்டல்தான் எனக்குத் தகராறு. ஒரு ‘எல்’லா, இரண்டு ‘எல்’லா? (கொழிஞ்சாம்பாறை, பத்தாம் வகுப்பு)

மூலச்சொல்லை முழுதாக எழுதி, பின்னால் எல்-ஒய் சேர்க்கவும். ஃபைனல் எல்-இல் முடிகிறது, அதனால் ஃபைனலியில் இரண்டு எல். கேர்ஃபுல்லியும் அப்படித்தான். கடைசியில் ஒய் இருந்தால் அது ஐ ஆகும்: ஹேப்பி, ஹேப்பிலி. ஜென்டில், பாசிபிள் போல எல்-இ-யில் முடிந்தால் இ மட்டும் போய் ஒய் வரும்.

ட்ரூ, டியூ, ‘முழு’ என்ற பொருளில் வரும் ஹோல் மூன்றும் கடைசி இ-யை விட்டுவிடும். ‘ட்ரூலி’யில் இ போடுவதுதான் நான் விடைத்தாள்களில் அதிகம் பார்த்த பிழை. ‘ஐ-சி’யில் முடியும் சொல்லுக்கு நடுவில் ஏ-எல் நுழையும், பேசிக்கலி மாதிரி. ‘பப்ளிக்’ மட்டும் அப்படிச் செய்யாது. அதற்கு நேராக எல்-ஒய்தான்.

அக்ளி, சில்லி, ஹோலி (புனிதமான), ஃபேமிலி, ரிப்ளை: இவற்றில் எது இந்த விகுதி? (வேலந்தாவளம், ஏழாம் வகுப்பு)

ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வி கேட்டதற்கே உங்களுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தர வேண்டும்.

அக்ளி மட்டும்தான். அது ஸ்காண்டிநேவிய மக்கள் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. முன்பகுதிக்கு ‘அச்சம்’ என்று பொருள், பின்பகுதி நம் விகுதியின் உறவு. அச்சமூட்டுவது என்பது ‘அவலட்சணம்’ என்று மாறிவிட்டது. சில்லியிலும் ஹோலியிலும் எல் என்பது வேர்ச்சொல்லின் எழுத்து, ஒய் வேறு விகுதி. சில்லியின் மூதாதைச் சொல்லுக்கு ‘மகிழ்ச்சியான, பாக்கியம் பெற்ற’ என்று பொருள். அங்கிருந்து கள்ளங்கபடமற்ற, அப்பாவி, அசட்டுத்தனமான என்று படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. ஃபேமிலியும் ரிப்ளையும் லத்தீன் வழி வந்தவை, இந்த விகுதிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒப்பிடும்போது ‘மோர்’ போடுவதா, ‘ஐ-ஈ-ஆர்’ போடுவதா?

பெயரடை என்றால் ஐ-ஈ-ஆர் வரும்: ஃபிரெண்ட்லியர், லோன்லியர். ‘மோர் ஃபிரெண்ட்லி’யும் வழக்கில் உண்டு. வினையடை என்றால் மோர்: மோர் குயிக்லி, மோர் ஸ்லோலி. ‘எர்லி’ எந்த வேலை செய்தாலும் எர்லியர்தான்.