வன்னிப் பற்றைக்காட்டு ஈப்பிடிப்பான்கள்: கேள்வி பதில்

மாங்குளத்திலிருந்து: ஐயா, காணி எல்லையில நிக்கிற பாலை மரத்தில மண்நிறச் சின்னக் குருவி ஒண்டு. பறந்து பூச்சியைப் பிடிச்சிட்டுத் திரும்பவும் அதே கொப்பிலயே குந்துது. என்ன குருவி?

பதில்: பெரும்பாலும் பழுப்பு ஈப்பிடிப்பான். ஒக்டோபரளவில் வந்து ஏப்ரலளவில் வடக்கே திரும்பும் வலசைக் குருவி. நீளம் ஏறத்தாழ 13 செ.மீ. முகத்துக்கு மிஞ்சிய பெரிய கண், அதைச் சுற்றி வெண்வளையம். சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, அழுக்கு வெள்ளை வயிறு. நிமிர்ந்து அசையாமல் இருக்கும்.

நெடுங்கேணியிலிருந்து: பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானும் இதே மாதிரித்தானே? எப்பிடிப் பிரிச்சு அறியிறது?

பதில்: முதலில் காலைப் பாருங்கள். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கறுப்பு. பழுப்பு மார்புக்கு வெளிறிய தசை நிறம். அடுத்தது கீழ் அலகு: முன்னதற்கு அடியில் மட்டும் மஞ்சள், நுனி கருமை, பின்னதற்கு முழுவதும் வெளிர் மஞ்சள். பின்னதன் வாலிலும் இடுப்பிலும் செம்மை தட்டும். மார்பு நிறத்தை மட்டும் நம்பினால் பிழைக்கும், ஏனென்றால் இலை நிழலில் வெள்ளை மார்பும் மங்கிப் பழுப்பாகத் தெரியும். படம் எடுத்தால் பக்கவாட்டில், காலும் அலகின் அடியும் விழ எடுங்கள். வானம் பின்னணியானால் குருவி கறுத்துப்போகும். கமராவில் ஒளியை ஒரு படி கூட்டுங்கள்.

இந்தப் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு ஒரு தமிழன் பெயர் இருப்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பருத்தித்துறையில் கிடைத்த குருவியை வைத்து 1854இல் இதை விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் லேயார்ட், அதைக் கொண்டுவந்து கொடுத்த தன் பணியாள் முத்துவின் பெயரால் 'முத்துவி' என்றார். அறிவியல் பெயரில் அது இன்றும் இருக்கிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து: முதுகு நீலம், நெஞ்சு செம்மஞ்சள். வைகாசியிலயும் நிக்குது, அக்கா வீட்டு வளவுக்கும் வருது.

பதில்: அது டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். வலசை போகாது, இங்கேயே கூடு கட்டும். மரப்பொந்தும் மண்கரைக் குழியும் அதற்குப் பிடித்த இடங்கள். வளவோரத்துப் பற்றையை அடியோடு வெட்டினால் போய்விடும்; ஒரு மூலையையாவது விட்டுவையுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: அரிசி போட்டால் வருமா?

பதில்: வராது. பூச்சிதான் தீனி. மருந்தடிப்பைக் குறைத்தால் வரும்.

முல்லைத்தீவிலிருந்து: எந்த நேரம் தேடலாம்?

பதில்: விடிந்து இரண்டு மணித்தியாலம். குளக்கட்டிலோ பாதையோரத்திலோ நின்று, தாழ்ந்த காய்ந்த கொப்புகளைப் பாருங்கள். மிதிவெடிப் பலகை கண்டால் எந்தக் குருவிக்காகவும் உள்ளே கால் வைக்க வேண்டாம்.